கஞ்சித் தொட்டியும் மெலிவுச் சூரணமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

இராயபுரத்துப் பெரியவர்கள் இன்றும் ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வர். 1782-இல், பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி வார்க்க எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அச்சத்திரத்தோடு சேர்த்து நோயாளருக்கென ஓர் இல்லம் அமைத்தார். அதன் வழிவந்ததே இன்றைய மருத்துவமனை. ஒருவேளைக் கஞ்சிக்காக மக்கள் காத்து நின்ற அதே பகுதியில், உடல் பருமனுக்கு மருந்து தேடி நம் மக்கள் அலையும் காலம் இது.

சென்ற ஆண்டு நம் மதரஸா மாணவர் ஒருவரின் தாயார், 'நபிவழி மூலிகை' என்று கைப்பேசியில் விளம்பரம் செய்யப்பட்ட மெலிவுச் சூரணத்தை வாங்கி உண்டார். இனி ஆங்கில மருந்து வேண்டாமென்று சர்க்கரை மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிட்டார். சில வாரங்களில் மயங்கிய நிலையில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. அல்லாஹ்வின் அருளால் தேறி வந்தபின் அவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இது நம்ம மருந்துதானே? நம்ம மருந்து எப்படிக் கெடுதல் செய்யும்?"

அக்கேள்விக்கு விடை காண, 'நம் மருந்து' எதுவென வரலாற்றில் தேடுவோம்.

'யூனானி' என்னும் சொல்லுக்குக் கிரேக்கருடையது என்று பொருள். நம் பழந்தமிழர் 'யவனர்' என்று அழைத்ததும் அவர்களைத்தான். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ், மிகப் பருத்தோர் மெலிந்தோரைவிடத் திடீர் மரணத்துக்கு ஆளாகக் கூடியவர் என்று அன்றே எச்சரித்தார். அவ்வறிவை அரபு மொழியில் ஏற்று வளர்த்தோருள் தலையாயவர் இப்னு ஸீனா (980–1037). அவருடைய 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகம் மிகு பருமனைத் தனியே ஆராய்கிறது. அளவு மீறிய கொழுப்பு நடமாட்டத்தைத் தடுக்கும், இரத்தக் குழாய்களை நெருக்கும், மூச்சுத் திணறச் செய்யும் என்கிறார் அவர். இந்நிலையை ஹகீம்கள் 'ஸிமனே முஃப்ரித்' என்பர். உடலில் குளிர்ச்சியும் ஈரமும் உடைய 'பல்கம்' மிகுவதோடு அதனைத் தொடர்புபடுத்துவர்.

அவர்கள் வகுத்த சிகிச்சையின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் வாழ்க்கை ஒழுங்கும் உணவும். அடுத்து மருந்து. இறுதியில் கைவினையாகிய அறுவை. வயிற்றை நிரப்பினாலும் ஊட்டம் குறைந்த உணவு, விரைந்த உடற்பயிற்சி, உண்பதற்கு முன் குளியல் ஆகியவற்றையே இப்னு ஸீனா பருத்தோருக்கு விதிக்கிறார். 'ஸஃபூஃபே முஹஸ்ஸில்', அதாவது மெலியச் செய்யும் சூரணம், யூனானியில் உண்டு. சுத்திசெய்த அரக்கு, ஓமம், மரு, சதாப்பு முதலியன அதில் சேரும். ஆனால் சதாப்பு கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. எனவே யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நாடி பிடித்து, உடலின் மிஸாஜை அறிந்த ஹகீமே முடிவுசெய்வார். உறையைப் பிரித்து எவரும் உண்ணத்தக்க பண்டமன்று அது.

இக்கலையை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற முயற்சியில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1921-இல் சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவங்களை ஆராய முஹம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1923-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் தோன்றியது. 1979 முதல் அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நம் இராயபுரத்திலேயே மத்திய அரசின் வட்டார யூனானி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஒரே பேருந்துத் தொலைவில் பட்டம் பெற்ற ஹகீம்கள் இருக்க, முகமறியாத வணிகரிடம் நம் உடலை ஒப்படைப்பானேன்?

அந்தத் தாயாருக்கு நாம் சொன்ன விடை இதுவே: நம் மருந்து என்பது ஒரு பொட்டலமன்று, ஓர் ஒழுங்கு. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவே அதன் முதல் பாடம். இந்தியருள் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவைத் தாண்டினால் ஆபத்து என்கிறது இன்றைய மருத்துவம். மூலிகை உண்ண விரும்புவோர், ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளை ஹகீமிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எதனையும் நிறுத்தலாகாது.

ரமளானில் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. பகலெல்லாம் பசித்திருந்து, மாலையில் கஞ்சியோடு வடையும் சமோசாவும் மலைபோல் குவித்து உண்டால், நோன்பு கற்பித்த அளவு எங்கே போயிற்று? பசித்தோருக்காக ஒரு காலத்தில் கஞ்சி காய்ந்த மண்ணில் வாழும் நாம், தட்டில் மிகுவதைப் பசித்த அண்டை வீட்டாருக்குக் கொடுப்போமாக. அது அவருக்கு உணவு, நமக்கு மருந்து.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் அளவறிந்து வாழும் நல்லறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.