மெலிந்தோர் நீரிழிவு: வட ஆர்க்காட்டு மருத்துவ வரலாற்றில் ஒரு நோய்ப்பெயரின் தோற்றமும் நீக்கமும் மீட்சியும்

முன்னுரை

திருவண்ணாமலை இன்று தனி மாவட்டத்தின் தலைநகர். 1989 வரை அது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரான வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகமே பின்னாளில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. செங்கம், போளூர், கலசபாக்கம் முதலிய வட்டங்களின் ஏரிப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிய உழவர் குடும்பங்கள் பெருநோய் கண்டால் வேலூரை நாடுவது நெடுநாள் வழக்கம். மாவட்டம் பிரிந்த பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. எனவே இப்பகுதியின் நோய் வரலாற்றை எழுதப் புகுவோர் மாவட்ட எல்லையை மட்டும் நம்பி எழுத இயலாது. வேலூர் ஆய்வுகள் மையமாக அமைந்த ஒரு நோய்ப்பெயரின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உணவுக்குறையால் மெலிந்த இளையோரிடம் தோன்றும் நீரிழிவு அது.

நீரிழிவு வசதி படைத்தோர் நோய் என்னும் எண்ணம் மக்களிடமும் மருத்துவரிடமும் ஆழ வேரூன்றியது. பழைய இந்திய மருத்துவ நூல்களில் அவ்வெண்ணம் இத்தனை இறுக்கமாக இல்லை. சரக சம்கிதை பிரமேக நோயாளரைப் பருத்து வலிமையுடையோர், மெலிந்து நலிந்தோர் என இரு திறத்தினராகப் பிரித்து, பின்னவரை ஊட்டி வளர்க்க வேண்டும் என்கிறது. இன்றைய வகைப்பாட்டை அந்நூலில் தேடிக் கண்டதாகச் சொல்வது முறையாகாது. பிரமேகம் என்பது பல சிறுநீர்க் கோளாறுகளைத் தழுவிய சொல். ஆயினும் மெலிந்த நோயாளிக்குத் தனி மருத்துவம் வேண்டும் என்ற நோக்கு பழமையானது என்பதில் ஐயமில்லை.

பெயர் பிறந்த விதம்

இருபதாம் நூற்றாண்டில் இந்நோயை முதலில் தனியே பிரித்துக் காட்டியது ஜமைக்கா. 1955-இல் பிலிப் ஹியூ-ஜோன்ஸ் அங்கு 215 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்தபோது 13 பேர் அறியப்பட்ட இரு வகைகளிலும் அடங்கவில்லை. அவர்கள் இளையோர், மெலிந்தோர். இன்சுலின் பெருமளவு தேவைப்பட்டும், அது நின்றபோது முதல் வகை நோயாளருக்கு நேர்வதுபோல் கீட்டோன் மிகுந்து மயக்கமுறவில்லை. ஜமைக்காவின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு 'ஜே வகை' எனப் பெயரிட்டார். 1959-இல் சூடிமா இந்தோனேசியாவில் கணையம் நார்த்தன்மை அடைந்து சுண்ணக் கற்கள் படிந்த நோயாளரை விவரித்தார். கேரளத்தில் கீவர்கீஸ் அத்தகையோரைப் பெருந்தொகையாகக் கண்டு பதிவு செய்தார். ஒடிசாவின் கட்டாக்கில் திரிபாதி கற்களே இல்லாத மெலிந்த இளையோர் பலரைக் கண்டார். மரவள்ளிக்கிழங்கிலுள்ள சயனைடு சேர்மங்கள் கணையத்தைக் கெடுக்கின்றன என்ற கருத்து கேரளத்தை முன்னிட்டு எழுந்தது. மரவள்ளி உண்ணாத பகுதிகளிலும் நோய் காணப்பட்டதால் அது வலுவிழந்தது.

சென்னையின் பங்கு வேறு தன்மையது. இராயபுரத்தில் 1954-இல் எம். விசுவநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையின் மரபில் வந்த அவர் மகன் வி. மோகன், 1980-களில் கணையக்கல் நீரிழிவு நோயாளரின் குருதியில் சி-பெப்டைடை அளந்தார். இன்சுலினோடு சம அளவில் சுரக்கும் இப்பொருள், உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும். அந்நோயாளரிடம் சுரப்பு குறைந்திருந்தது, ஆனால் அற்றுப் போகவில்லை. கீட்டோன் மிகாததற்கு இவ்வெஞ்சிய சுரப்பே காரணம் என்ற விளக்கம் இதனால் உறுதிபெற்றது. படுக்கையருகே கண்ட ஒரு விந்தைக்கு ஆய்வகத்திலிருந்து கிடைத்த விடை என்ற வகையில் இது முதன்மையானது.

1985-இல் உலக நலவாழ்வு நிறுவனம் தன் 727-ஆம் தொழில்நுட்ப அறிக்கையில் 'ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு' என்பதைத் தனி வகையாக ஏற்றது. கணையக்கல் நீரிழிவு, புரதக்குறை நீரிழிவு என அதற்கு இரு உட்பிரிவுகள்.

நீக்கமும் அதன் காரணமும்

ஏற்பு பதினான்கு ஆண்டுகளே நீடித்தது. 1995-இல் கட்டாக்கில் கூடிய பன்னாட்டுக் கருத்தரங்கே 'சார்ந்த' என்பதை விடுத்து 'ஊட்டக்குறையால் மாற்றமுற்ற' என்று பெயரைத் தளர்த்தியது. 1999-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வகையையே நீக்கியது. கணையக்கல் நீரிழிவு கணைய நோய்களின் கீழ் இடம்பெற்றது. புரதக்குறை நீரிழிவுக்கு இடமே இல்லாமற் போயிற்று. புரதக்குறை மட்டுமே நீரிழிவை விளைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பது கூறப்பட்ட காரணம்.

இம்முடிவை மேலைநாட்டாரின் புறக்கணிப்பு என்று மட்டும் எழுதுவது வரலாறாகாது. ஐயத்துக்கு உண்மையான அடிப்படை இருந்தது. நீரிழிவு கட்டுப்படாதபோது எவர் உடலும் மெலியும். மருத்துவமனைக்கு வந்த நாளில் கண்ட மெலிவு நோயின் காரணமா, விளைவா என்பதைப் பிரித்தறிய, பிறப்பு எடையும் குழந்தைப் பருவ வளர்ச்சியும் பதிவாகியிருக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களில் அவ்வகைப் பதிவு அரிது. ஆனால் சான்று கிடைக்கவில்லை என்பதும் நோய் இல்லை என்பதும் ஒன்றல்ல. வகை நீங்கியதும் அந்நோயாளர் முதல் வகையிலோ இரண்டாம் வகையிலோ அடக்கப்பட்டனர். அவர்களைத் தனியே எண்ணும் முறை இல்லாமற் போகவே, சான்று திரட்டும் வழியும் குறுகிற்று.

அரிதான அப்பதிவு வட ஆர்க்காட்டில் ஓரளவு இருந்தது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறந்த குழந்தைகளை எடையிட்டுக் கிறித்துவ மருத்துவக் கல்லூரி குறிப்பெடுத்திருந்தது. அவர்கள் வளர்ந்த பின் மேற்கொண்ட மறு ஆய்வில், சிறு வயதில் மெலிந்திருந்து பின்னர் எடை கூடியவரிடம் சர்க்கரைக் கோளாறு மிகுந்திருந்தது. ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் 1992-இல் முன்வைத்த சிக்கன உடலமைப்புக் கொள்கைக்கு இது துணையாயிற்று. ஆனால் எடை கூடாமலே நீரிழிவுக்கு ஆளாவோரைப் பற்றிய வினாவுக்கு இதில் விடை இல்லை. அவ்வினாவுக்கு ஜமைக்காவிலிருந்தே மற்றொரு குறிப்பு வந்தது. குழந்தைப் பருவத்தில் கடும் ஊட்டக்குறையிலிருந்து தப்பியவரை வளர்ந்த பின் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டபோது, உடல் முற்றும் வற்றிய மராஸ்மஸ் நோயிலிருந்து மீண்டவரிடம் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது.

வேலூர் ஆய்வும் மீட்சியும்

2022-இல் வேலூரின் நிகால் தாமசும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மெரெடித் ஹாக்கின்சும் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு விவாதத்தை மீண்டும் திறந்தது. உடல் நிறைக் குறியெண் 19-க்குக் குறைந்த நீரிழிவு ஆண்களை முதல் வகை, இரண்டாம் வகை நோயாளருடனும் நோயற்றவருடனும் ஒப்பிட்டனர். இன்சுலினையும் குளுக்கோசையும் நரம்பு வழியே அளந்து செலுத்தி, உடல் எவ்வாறு ஏற்கிறது எனப் பல மணி நேரம் கணிக்கும் நுண்முறை கையாளப்பட்டது. மெலிந்தவரிடம் இன்சுலின் சுரப்பு இரண்டாம் வகையினரைவிடக் குறைவு, முதல் வகையினரைவிட அதிகம். கல்லீரலிலும் வயிற்றுள்ளும் கொழுப்பு குறைவு. இன்சுலினுக்கு அவர்கள் உடல் நன்கு இசைந்தது.

இந்தக் கடைசி முடிவை வரலாற்று நோக்கில் நின்று கவனிக்க வேண்டும். ஹியூ-ஜோன்ஸ் கண்ட 13 பேருக்குப் பெருமளவு இன்சுலின் தேவைப்பட்டது. வேலூரில் ஆராயப்பட்டவரோ இன்சுலினுக்கு எளிதில் இசைந்தனர். அப்படியானால் மீட்கப்பட்ட பெயரும் பழைய பெயரும் ஒரே நோயைக் குறிக்கின்றனவா? பழைய தொகுப்புகளில் பல நோய்கள் கலந்திருந்தன என்பதே பொருந்தும் விளக்கமாகத் தோன்றுகிறது. வேலூர் ஆய்வு ஆண்களை மட்டுமே உட்கொண்டதும், ஆராயப்பட்டோர் நூறைத் தாண்டாததும் அதன் வரம்புகள்.

வகைப்பாட்டுச் சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. இன்சுலினுக்கு இசைவுள்ள உடலுக்கு அளவு மீறி இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை வீழ்ச்சி நேரும். அடுத்த வேளை உணவு உறுதியில்லாத வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டாம் வகை என்று கொண்டு உணவைக் குறைக்கச் சொன்னாலோ, ஏற்கெனவே மெலிந்தவர் மேலும் நலிவார். இரு தவறுகளும் நோயாளியின் கோப்பில் எழுதப்பட்ட எண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

2025 சனவரியில் வேலூரில் கூடிய பன்னாட்டு வல்லுநர் இதனைத் தனி நோயாக ஏற்க வேண்டுமென அறிக்கை விடுத்தனர். ஏப்பிரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு 'ஐந்தாம் வகை' எனப் பெயரளித்தது. உலகில் 2 கோடி முதல் 2.5 கோடிப் பேர் வரை இதற்கு ஆளாகியிருக்கலாம் என அப்போது கூறப்பட்டது மதிப்பீடே. கணக்கெடுப்பின் பயன் அன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் இவ்வகை இல்லை. நோயறி விதிகளையும் மருத்துவ நெறிகளையும் வகுக்கும் பொறுப்பு தாமசும் ஹாக்கின்சும் தலைமை தாங்கும் பணிக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலூரில் கையாண்ட பல மணி நேரச் சோதனையைப் போளூர், செங்கம் போன்ற வட்டத் தலைநகர்களின் அரசு மருத்துவமனைகளில் செய்ய இயலாது. வயது, எடை, கீட்டோன், தன்னெதிர்ப்புப் பொருள், சி-பெப்டைடு ஆகியவற்றுள் எவற்றை, எந்த அளவில் கொண்டு ஒருவரை இவ்வகையினர் எனத் துணிவது என்பதை அக்குழுவே முடிவு செய்ய வேண்டும்.