வேங்கடத்துப் புழுகுக்காப்பு

திருப்பதிக்குச் சென்று வந்த உறவினர் தரும் இலட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் எழும் பச்சைக் கர்ப்பூர வாசனையை, கடல் கடந்து வாழும் நம்மில் அறியாதார் இலர். ஆயினும் அம்மலைக்குரிய பழைய மணம் மற்றொன்றும் உண்டு. அதனைக் குறித்தே இங்கு எழுத முற்படுகின்றோம்.

திருமலையில் வெள்ளிக்கிழமைதோறும் மூலவர்க்குத் திருமஞ்சனம் நிகழ்கின்றது. அது நிறைவுற்றபின் திருமேனியில் புனுகுத் தைலம் சாத்துவர். கோயிற் கல்வெட்டுகள் இதனைப் புழுகுக்காப்பு எனக் குறிக்கின்றன. அக்கல்வெட்டுகளுட் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. 1911இல் வடஆர்க்காட்டுப் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தனர். 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 முதல் தனி மாவட்டமாகவும் ஆயிற்று. எல்லைக் கோடுகள் இங்ஙனம் இடம் மாறினும் தைலத்தின் பெயர் மாறவில்லை. தெலுங்கரும் அதனைப் புனுகு என்றே வழங்குகின்றனர்.

புனுகு என்பது புனுகுப்பூனையின் வாலடியிலுள்ள சுரப்பியில் ஊறும் மெழுகு போன்ற பொருள். தனியே முகர்ந்தால் முகஞ்சுளிக்க நேரும். சந்தனத் தைலம் போன்றவற்றில் சிறிதளவு கலந்தாலோ அதன் இயல்பே வேறாகிவிடும். பிற மணங்களையும் எளிதில் ஆவியாகிப் போகவிடாது பிடித்து நிறுத்தும். நம் பாட்டிமார் சிமிழில் ஜவ்வாதையும் புனுகையும் போற்றிக் காத்ததன் காரணம் இதுவே. (சேசாசலக் காட்டின் புகழ்பெற்ற செம்மரத்தைச் சந்தனமென மயங்குவோர் பலர். அதற்கு நிறமே சிறப்பு. சந்தனத்தின் மணம் அதற்கில்லை.)

வாசநெய் தமிழர்க்குப் புதிதன்று. மாதவியின் நீராட்டையும் கூந்தல் மணத்தையும் இளங்கோவடிகள் கடலாடு காதையில் விரித்துரைக்கின்றார். புனுகு உள்நாட்டுக் காட்டில் கிடைத்தது; பச்சைக் கர்ப்பூரமோ சுமத்திரா, போர்னியோ தீவுகளின் மரங்களிலிருந்து வந்தது. அதற்குப் பேர்பெற்ற சுமத்திராவின் பரூசுத் துறையருகே, திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டினர். கப்பல்கள் செலுத்தவேண்டிய வரியை அது கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு வகுக்கின்றது. நமக்கு முன்னே கடல் கடந்தவர்கள் மணப்பொருளாலேயே கணக்கிட்டனர் என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு.

1926இல் ருசிக்கா என்னும் வேதியியலறிஞர் புனுகு மணத்தின் மூலக்கூற்றமைப்பைக் கண்டறிந்தார். பின்னர்ச் செயற்கை மணம் கடைத்தெருவை நிறைத்தது. அதனை நாம் பழிப்பதற்கில்லை. பூனையைக் கூண்டில் நெருக்கிச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் பழைய முறை கொடிது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்விலங்கையும் காக்கின்றது. ஆனால் கோயிலுக்கு இயற்கைப் புனுகே வேண்டும்; வழிபாட்டையும் உயிரையும் ஒருங்கே காப்பது எவ்வாறு?

திருப்பதி விலங்கியற் பூங்காவில் இப்பூனைகளை வைத்துப் பேணி வருகின்றனர். கூண்டில் சந்தனக் கட்டையொன்றை நிறுத்துவது அங்குள்ள வழக்கம். பூனை தானாகவே வந்து அதில் உடலை உராய்ந்து செல்லும். கட்டையில் ஒட்டியதை வழித்தெடுத்தால், சந்தனமும் புனுகும் ஒருங்கே கைக்கு வரும்.