தேக்கா, வேங்கையா?

பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைக்குப் போனால், அங்கே கிடக்கிற கட்டையெல்லாம் தேக்குதான். கொஞ்சம் நிறமும் கனமும் கூடியிருந்தால் அதுவே பர்மா தேக்கு ஆகிவிடும். செட்டிநாட்டு வீடுகளுக்கு நகரத்தார் பர்மாவிலிருந்து தேக்கை இறக்கியது உண்மை. அந்த உண்மையைச் சொல்லியே வேறு மரங்களையும் தேக்கு விலைக்குத் தள்ளிவிட முடிகிறது. தென்னாட்டில் அப்படித் தள்ளுவதற்கு வாகான மரம் வேங்கை. இரண்டும் நம் மலைச்சாரல்களில் வளர்பவை. இரண்டிலும் நிலை, கதவு, உத்திரம் செய்தார்கள். இரண்டையும் கரையான் எளிதில் தொடாது. ஐம்பது அறுபது வருஷம் அடுப்புப் புகையும் எண்ணெயும் பெயிண்டும் ஏறிய பிறகு இரண்டும் ஒரே பழுப்பு.

அதனால் நிறத்தை நம்பி மரத்துக்குப் பெயர் சொல்லக் கூடாது. புதிதாக அறுத்த தேக்கு திட்டுத்திட்டாக, சில சமயம் பச்சை கலந்துகூட இருக்கும். வெயில் பட்ட பிறகுதான் பொன்பழுப்பாகச் சீராகும். வேங்கையும் பொன்மஞ்சளில் தொடங்கி, கருவரி ஓடிப் பழுப்பாகிறது. போதாக்குறைக்கு, பாலிஷ்காரர் எந்த மரத்தையும் எந்த நிறத்துக்கும் கொண்டுவருவார். நிறத்தில் ஒரே ஒரு பயனுள்ள தடயம் உண்டு: ஈரம் பட்ட வேங்கை மஞ்சள் கறை விடும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்க்கலாம்.

மூக்கும் கையும் கண்ணைவிட நாணயமானவை. கட்டையின் ஓர் ஓரத்தில் இழைப்புளியை ஓட்டிப் பழைய மேல்தோலை எடுத்துவிட்டால், தேக்குச் சீவலில் பழந்தோலின் வாசனை வரும்; விரலில் மெழுகு தடவிய மாதிரி ஒரு வழுவழுப்பு தெரியும். வேங்கைச் சீவலில் சொல்லும்படியான வாசனை இல்லை. எடையும் உதவும். நன்றாக உலர்ந்த தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, வேங்கை சுமார் 800. மரக்கடைக் கணக்கில் சொன்னால் ஒரு கன அடி தேக்கு 18 கிலோவை ஒட்டியும், வேங்கை 22 கிலோவுக்கு மேலும் நிற்கும். ஆனால் ஈரமரம் எடைக்கணக்கைக் கெடுத்துவிடும். எனவே எடை சந்தேகத்தைக் கிளப்பப் பயன்படும், தீர்ப்புச் சொல்ல அது போதாது.

தீர்ப்பு கிடைப்பது கட்டையின் குறுக்குவெட்டில். நம்மில் பெரும்பாலோர் பலகையின் அகன்ற முகத்தைத் தடவிப் பார்த்தே விலை பேசுகிறோம். ரம்பம் குறுக்கே அறுத்த முனையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மரத்தின் நீர்க்குழாய்கள் அங்கேதான் வாய்திறந்து கிடக்கின்றன. முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் போய்த் துளைகளை அடைத்துவிடும். புதிய பிளேடால் நகத்தளவு இடத்தை ஒரே இழுப்பில் மெல்லச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வைத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கட்டையைக் கண்ணருகே கொண்டுவர வேண்டும்.

தேக்கு என்றால் ஒவ்வோர் ஆண்டு வளையமும் தொடங்குமிடத்தில் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசையோடு வெளிர்நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். வளையம் முடிய முடியத் துளைகள் சிறுத்துப்போகும். சில துளைகளில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி அடைந்திருக்கும். வளையங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கதிர்க்கோடுகள் லென்ஸ் இல்லாமலே தெரியும்.

வேங்கையின் முகம் வேறு. துளைகள் பெரியவைதான், ஆனால் பரவலாகச் சிதறிக் கிடக்கும். சில கட்டைகளில் வளைய வரிசை போல ஒரு தோற்றம் வந்து ஏமாற்றும். அப்போது துளைகளைச் சுற்றியுள்ள வெளிர்நிறத் திசுவைப் பாருங்கள். அது துளைக்கு இருபுறமும் சிறகாக விரிந்து, பக்கத்துத் துளையோடு கைகோத்து, அலை அலையான பட்டையாக ஓடும். தேக்கில் இது கிடையாது. கதிர்க்கோடுகள் மிக மெல்லியவை, வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. பல துளைகளில் செம்பழுப்புப் பிசின் உறைந்திருக்கும். பட்டையைக் கீறினால் ரத்தமாக வடிந்து, குழந்தைகளுக்குப் பொட்டாகவும் பயன்பட்ட வேங்கைப்பாலின் இனம் அது.

இன்னோர் அடையாளமும் உண்டு. வேங்கைப் பலகையின் அகன்ற முகத்தை இழைத்து ஈரமாக்கி, ஒளியைச் சாய்வாக விழவிட்டுப் பார்த்தால், நாரோட்டத்துக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய வரிகள் தெரியும். செல்கள் அடுக்கடுக்காக அமைந்ததால் வரும் வரிகள் இவை. தேக்கில் செல்கள் அப்படி அடுக்கப்படுவதில்லை.

லென்ஸ் இல்லாதவர்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து வேங்கைச் சீவலைப் போட்டுச் சற்று நேரம் விட்டு, கறுப்புத் துணியைப் பின்னால் வைத்து வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். நீரின் விளிம்பில் நீலம் மினுங்கும். உப்புச்சுவை கொண்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் இது இன்னும் நன்றாகத் தெரிய வாய்ப்புண்டு, லேசான காரத்தன்மை நீலத்தைத் தூண்டும். சர்க்கரை நோய்க்கு என்று விற்கும் வேங்கை டம்ளரில் ஊறிய நீரிலும் இதே நீலம்தான். தேக்குச் சீவல் இப்படி நீலம் காட்டாது. (வள்ளிக்காக முருகன் வேங்கையாக நின்றபோது, நேற்றுவரை இல்லாத மரம் எங்கிருந்து வந்தது என்று வேடர்கள் சந்தேகப்பட்டதாகக் கதை. ஒரு சீவல் எடுத்து ஊறப்போட அவர்களுக்குத் தோன்றவில்லை.)

இவ்வளவும் செய்த பிறகும் நம் அறிவுக்கு எல்லை உண்டு. அலைப்பட்டையும் நீலமும் வேங்கையின் பேரினத்தையே காட்டுகின்றன. பர்மாவின் படாக் மரமும் அதே பேரினம், அதுவும் நீரில் நீலம் காட்டக்கூடியது. தேக்கிலும் ஊர் சொல்ல லென்ஸால் ஆகாது. நிலம்பூர்த் தேக்கும் பர்மாத் தேக்கும் ஒரே இனம். வளையம் நெருக்கமாக இருந்தால் மரம் மெதுவாக வளர்ந்தது என்று மட்டும் சொல்லலாம். கடைக்காரர் பலகையைத் தட்டிப் பார்த்து “பர்மா” என்கிறபோது அவர் சொல்வது ஊகம். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, புதிய உருட்டுமரத்துக்கு அந்தப் பெயரைச் சொல்பவரிடம் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை.

வேங்கை மட்டமான மரம் என்று இதற்குப் பொருளல்ல. பாரம் தாங்குவதில் அது தேக்குக்குச் சளைத்ததில்லை. உத்திரத்துக்கும் தூணுக்கும் நான் வேங்கையையே எடுப்பேன். மழையும் வெயிலும் மாறி மாறிப் படும் சன்னலுக்கும் கதவுக்கும் தேக்கு. அது முறுக்கிக்கொள்ளாது, சுருக்கம் குறைவு, உளிக்கும் இணங்கும். வேங்கையின் நார் பின்னிப் பின்னி ஓடுவதால் இழைப்பவர் படாத பாடு படுவார். வெள்ளையடித்த சுவரோரம் ஈரம் இறங்கினால் மஞ்சள் கறை வேறு.

தேக்கு விலை கொடுத்து வேங்கை வாங்குவதுதான் நஷ்டம். பணம் எண்ணுமுன் முனையில் ஒரு துண்டு சீவிப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள்; மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். தொகை பெரியதென்றால் வெளிறு கலக்காமல் வைரத்தில் உள்ளங்கையளவு துண்டு ஒன்றை அறுத்து, பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திடமோ டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்திடமோ கேட்டுவிடுவது நல்லது.