சட்ட விரிவுரையாளர் தேர்வு: மதிப்பெண் அட்டவணையும் நியாயஸ்தல அனுபவமும்

சட்டத்துறைக்கு உதவிப் பேராசிரியர் ஒருவர் வேண்டுமென்று பல்கலைக்கழகம் விளம்பரம் செய்யும்போது, அதில் கண்ட தகுதிகளுக்குப் பின்னால், சட்டம் என்பது நியாயஸ்தலத்தில் பழகிக் கைவரப் பெறும் தொழிலா, நூல்களின் துணைகொண்டு ஆராய்ந்து தெளியும் சாஸ்திரமா என்ற பழைய வினாவுக்கு ஒரு விடை, எழுதியவர் அறிந்தோ அறியாமலோ, இடம்பெற்றுவிடுகிறது. மருத்துவக் கல்லூரியில் இச்சங்கடம் இல்லை; அங்கே வார்டில் நோயாளியைப் பரிசோதிப்பவரே வகுப்பில் பாடமும் சொல்கிறார். சட்டப் பேராசிரியரோ, முழுநேரச் சம்பள உத்தியோகத்தை ஏற்றவுடன், பார் கவுன்சில் விதிகளின் 49ஆம் விதிப்படி வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டியவராகிறார். ஆகவே தேர்வுக்குழுவின் முன் வந்து அமரும் விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றைத் துறந்தவர்களே. இவ்விரு துறவுகளில் எதற்கு மதிப்பளிப்பது என்பதில் நம் விதிகள் ஒருதலைப்பட்சமாக நிற்கின்றன என்பதும், அதற்குப் பலர் சொல்லும் பரிகாரமும் பிழையானதே என்பதும், தேர்வின் பாரத்தை முற்றிலும் வேறோரிடத்தில் இறக்கிவைக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத்துக்கு அழைக்கப்பட வேண்டியவர்களைச் சலித்தெடுக்க நூறு மதிப்பெண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உள்ளது. இளநிலைப் பட்டத்துக்கு அதிகபட்சம் 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, ஜே.ஆர்.எஃப். தகுதியுடன் நெட் தேர்வில் தேறியவருக்கு 7, ஆய்வு வெளியீடுகளுக்கு 10, போதனை அனுபவத்துக்கோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்துக்கோ ஆண்டுக்கு 2 வீதம் 10, விருதுகளுக்கு 3 என்பது அதன் பங்கீடு. தத்துவத்துக்கும் பௌதிகத்துக்கும் சட்டத்துக்கும் அட்டவணை ஒன்றே. எல்.எல்.எம். முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தவர் ஒருவர் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்காக இவ்வட்டவணையில் பெறுவது பூஜ்யம். அதே காலத்தில் ஐந்து கட்டுரைகளை ஏற்கத்தக்க சஞ்சிகைகளில் அச்சேற்றியவர் பெறுவது பத்து. மறுபுறம், பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளோ, பிராது முதலிய ஆவணங்களை வரைதல், தொழில் அறநெறி, மாற்றுமுறைத் தாவாத் தீர்வு, மாதிரி நீதிமன்றப் பயிற்சி என நான்கு செய்முறைப் பாடங்களைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு ஸ்தாபனம் விதிக்கும் பாடத்தை, அந்தப் பாடத்துக்கு வேண்டிய அனுபவத்தைக் கணக்கிலேயே கொள்ளாத மற்றொரு ஸ்தாபனத்தின் அட்டவணை தேர்ந்தெடுத்துத் தரும் ஆசிரியர் நடத்த வேண்டியிருக்கிறது. தம் கையால் ஒரு பிராதும் தாக்கல் செய்யாதவர் பிராது எழுதக் கற்றுக்கொடுக்கும் விநோதம் இவ்வாறுதான் நேர்கிறது.

இந்தப் புறக்கணிப்பு திடீரென முளைத்ததன்று. அதற்கு ஒரு வமிசாவளி உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் எலியட் 1870இல் சட்டப் பள்ளிக்கு அழைத்துவந்த லாங்டெல், நியூயார்க்கில் பல ஆண்டுகள் வக்கீலாக இருந்தும், கோர்ட்டைக் காட்டிலும் நூலகத்திலேயே அதிகம் காணப்பட்டவர். 1871இல் ஒப்பந்தச் சட்டத் தீர்ப்புகளைத் தொகுத்துப் பாடநூலாக்கிய அவர், தீர்ப்புகளை மாணவரே படித்து வகுப்பில் விடை சொல்ல வேண்டும் என்ற முறையைப் புகுத்தினார். 1873இல் அதைவிடப் பெரிய துணிவொன்று அங்கே நிகழ்ந்தது: முந்திய ஆண்டில்தான் அப்பள்ளியில் பட்டம் பெற்றிருந்த, வக்கீல் தொழிலையே பார்த்திராத ஜேம்ஸ் பார் ஏம்ஸ் உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். சட்டம் கற்பிக்க ஒருவரைத் தகுதியாக்குவது சட்டத்தைக் கற்ற அனுபவமே அன்றி வக்கீல் அலுவலகத்தில் உழைத்த அனுபவமன்று என்பது லாங்டெலின் சித்தாந்தம். அந்த ஏம்ஸே 1895இல் லாங்டெலுக்குப் பின் அப்பள்ளியின் முதல்வரானார்.

இந்தச் சரித்திரத்தை நம் அட்டவணைக்கு ஆதரவாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஏம்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது சான்றிதழ்களின் கூட்டுத்தொகையால் மட்டுமன்று. அவர் மாணவராக இருந்து ஒரு தீர்ப்பை எவ்வாறு பிரித்து ஆராய்கிறார் என்பதை அப்பள்ளியின் ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே கண்டிருந்தார்கள். நாம் லாங்டெலின் சித்தாந்தத்தில் எளிதான பாதியை மட்டும், அதாவது வக்கீல் அனுபவம் வேண்டாம் என்பதை, எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் அவர் வைத்த கடினமான பரீட்சையை விட்டுவிட்டோம்.

அப்படியானால் வக்கீலாக இருந்த ஆண்டுகளுக்கும் மதிப்பெண் கொடுத்துவிடலாமே என்பது பலர் முன்வைக்கும் பரிகாரம். இதை நான் ஏற்கவில்லை. பார் கவுன்சில் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறிய தேதி அவர் கோர்ட்டில் வாதாடிய தேதி ஆகாது. வாய்தா வாங்குவதிலேயே பத்து ஆண்டுகளைக் கழித்தவருக்கும், சிக்கலான பாகப்பிரிவினை வழக்கை விசாரணையிலிருந்து அப்பீல் வரை நடத்தியவருக்கும் ஆண்டுக் கணக்கு ஒன்றுதான். மேலும், பாரில் வெற்றி பெறுவதும் வகுப்பில் வெற்றி பெறுவதும் ஒரே ஆற்றலின் பலன் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்லவில்லை. வக்கீல் தொழிலில் பெரிதாக ஓங்காத பிளாக்ஸ்டன், ஆக்ஸ்போர்டில் ரோமானியச் சட்டப் பேராசிரியர் பதவியும் கிட்டாமற் போகவே, 1753இல் தாமாகவே ஆங்கிலச் சட்டம் பற்றிய பிரசங்கங்களைத் தொடங்கினார். அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பின் பேரில்தான் 1758இல் வைனர் பேராசிரியர் பதவியின் முதல் உரிமையாளரானார். எதிர்த்திசையில், பாரிஸ்டராகத் தொழில் நடத்திவந்த அம்பேத்கர் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியில் போதித்தார். 1935இல் அதன் முதல்வரும் ஆனார். ஒருவரைக் கொண்டு விதி வகுத்தால் மற்றவரை இழப்போம். தொழிலையும் போதனையையும் ஒருங்கே நடத்த நம் நாட்டில் ஒரு சந்து உண்டு: 1979ஆம் ஆண்டு விதிகள், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் போதிக்கும் வக்கீலுக்கு அதைப் பகுதிநேர வேலையாகவே கருதி அனுமதி தருகின்றன. ஆனால் அது நிரந்தரப் பதவிக்குரிய வழியன்று.

ஆகவே எதைச் சோதிப்பது? ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். 1903இல் பிரிவி கவுன்சில் தீர்த்த மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கை அறியாத சட்ட மாணவர் இல்லை. அதைப் பற்றிக் கேட்டால், மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று எல்லா விண்ணப்பதாரரும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நெட் தேர்வின் கொள்குறி வினாவுக்கு அது போதும். நல்ல ஆசிரியர் அங்கே நிற்கமாட்டார். இருபதாயிரம் ரூபாய்க்கு அடமானம் எழுதிக்கொடுத்த தர்மதாஸ் மைனர் என்று அவன் தாயார் சார்பில் கடன் கொடுத்தவரின் ஏஜெண்டுக்கு முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. கடன் கொடுத்த பிரம்ம தத்தரோ அச்சமயம் கல்கத்தாவிலேயே இல்லை. அப்படியிருக்க, ஏஜெண்டுக்குத் தெரிந்தது எஜமானருக்கும் தெரிந்ததாகக் கொள்ளப்பட்டது ஏன்? தான் மேஜர் என்று மைனரே எழுதிக்கொடுத்திருந்தும், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 115ஆம் பிரிவு காட்டிய முரண்தடை அவனைக் கட்டாமற் போனது ஏன்? கடிதமே வராமலிருந்து, கடன் கொடுத்தவர் உண்மையாகவே ஏமாந்திருந்தால், பணத்தைத் திருப்பித் தரும்படி நியாய வரம்புக்குள் உத்தரவிட நீதிமன்றம் இசைந்திருக்குமா? இக்கேள்விகளை மாணவர் வாயிலிருந்து வருவித்து, தீர்ப்பின் வாசகத்துக்கே அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்துச் செல்லக்கூடியவர் கோர்ட்டிலிருந்து வந்தாலென்ன, நூலகத்திலிருந்து வந்தாலென்ன?

இதைச் சோதிக்க இடம் இருந்தும் நாம் கைவிட்டுக்கொண்டே வந்திருக்கிறோம் என்பதுதான் வருத்தத்துக்குரியது. 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில், கல்வி மற்றும் ஆய்வுச் சாதனைக்கு 50 விழுக்காடும், பாட அறிவுக்கும் போதனைத் திறனுக்கும் 30 விழுக்காடும், நேர்முகத்துக்கு 20 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருந்தன. குறைகள் இருந்தும், போதனைத் திறன் என்ற பெயராவது அங்கே தனித்து நின்றது. 2018இல் அட்டவணை சலித்தெடுப்பதற்கு மட்டுமே என்றாகி, இறுதித் தேர்வு நேர்முகத்தையே சார்ந்தது. வகுப்பறைச் சூழலில் விரிவுரை ஆற்றச் செய்து திறனை மதிப்பிடலாம் என்ற வாசகம் உண்டு. ஆனால் அது செய்யலாம் என்ற விருப்பமே தவிர, செய்ய வேண்டும் என்ற கட்டளையன்று. விருப்பத்துக்கு விட்ட காரியம் நம் காரியாலயங்களில் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்களை அதிகபட்சம் நான்கு ஆண்டுகளுக்குத் தொழில்சார் பேராசிரியராக அமர்த்த 2022இல் வந்த வழிகாட்டு நெறிகளும் இக்குறையைத் தீர்க்கா. அவை நிரந்தர ஆசிரியரின் தேர்வைத் தொடுவதேயில்லை.

என் யோசனை சிறியது. நேர்முகத்துக்கு முந்திய மாலை விண்ணப்பதாரர் அனைவருக்கும் ஒரே தீர்ப்பின் முழு வாசகத்தைக் கொடுத்து, மறுநாள் உண்மையான மாணவர் முன் முப்பது நிமிடம் பாடம் நடத்தச் செய்ய வேண்டும். துணைவேந்தர் தலைமையிலான குழுவில் இடம்பெறும் மூன்று வெளி வல்லுநர்கள் பின் வரிசையில் அமர்ந்து, மாணவர் கேட்ட கேள்விக்கு அவர் தந்த பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காலமும் செலவும் ஆகும் என்ற ஆக்ஷேபம், முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தப்போகிறவரைப் பத்து நிமிட உரையாடலில் தேர்ந்தெடுக்கும் சிக்கனத்தின் முன் நிற்காது. வல்லுநரின் தயவு தாட்சண்யம் இதிலும் நுழையும் என்ற ஆக்ஷேபம் கனமானது. மைசூர் பல்கலைக்கழகம் எதிர் கோவிந்த ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963லேயே, கல்வி சார்ந்த தேர்வில் வல்லுநர் குழுவின் அபிப்பிராயத்தில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடலாகாது என்ற போக்கை மேற்கொண்டது. அக்குழு பிழை செய்தால் அதைக் கோர்ட்டில் திருத்திக்கொள்வது அரிதாகையால், வல்லுநர் ஒவ்வொருவரும் தம் குறிப்பை, மற்றவரோடு கலந்து பேசுமுன், தம் கையெழுத்துடன் கோப்பில் சேர்ப்பதையும், விண்ணப்பதாரர் கேட்டால் அதன் நகலைக் கொடுப்பதையும் விதியாகவே எழுதிவிட வேண்டும்.