சும்மா இருக்கிற நேரம்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி வளாகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் விற்பனைக் கண்காட்சி நடந்தது. ராமநாதபுரம் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அக்கா பனையோலைப் பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார். மூடி போட்ட ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். 350 ரூபாய் என்றார். “200 போட்டுக் குடுங்கக்கா” என்றேன். கடையில் பேரம் பேசாமல் எதையும் வாங்கியறியாத கை என்னுடையது.

அவர் கோபப்படவில்லை. “ஓலைக்குக் கணக்கு இருக்கு டீச்சர், சாயத்துக்குக் கணக்கு இருக்கு, பஸ்ஸுக்கும் இருக்கு. எனக்குத்தான் கணக்கு இல்ல. சும்மா இருக்கிற நேரத்துல முடையிறதுதானன்னு எல்லாரும் சொல்லுறாக” என்றார்.

அங்கேயே உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம். ஓலை, சாயம், பயணம் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்கு 80 ரூபாய். ஓலையை வார இரண்டு மணி நேரம், சாயம் காய்ச்சி முக்கி எடுக்க ஒரு மணி, முடைய ஒன்பது மணி. ஆக 12 மணி நேரம். நான் கேட்ட விலைக்கு அவர் தந்திருந்தால் ஒரு மணி நேர உழைப்புக்கு 10 ரூபாய். அவர் சொன்ன விலையிலேயே 22 ரூபாய் 50 காசுதான். பேரத்தை நான் தொடங்கும் முன்பே அவர் தன்னிடம் தானே பேரம் பேசித் தோற்றிருந்தார்.

‘சும்மா இருக்கிற நேரம்’ என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. கைவினைப் பொருளுக்கு நியாயமான விலை எது என்ற கேள்வி எங்கெல்லாம் எழுந்ததோ அங்கெல்லாம் இந்தச் சொல்லும் இருந்திருக்கிறது. பெண்கள் நூற்ற நூலின் கதையே அதற்குச் சான்று.

சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டிர் வருகிறார்கள். புறநானூற்றில் ஒருத்தி இரவிலும் சிறு விளக்கொளியில் பருத்தி வேலையில் இருக்கிறாள். ஆண் துணையற்ற பெண்கள் உழைத்து நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை சொல்கிறது. நூற்றல் கைம்பெண்களின் பிழைப்பாக இருந்ததை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். நூலின் மென்மையை உவமையாக்கிய புலவர் அதன் விலையைச் சொல்லவில்லை. நானும் ஒருமுறைகூட மாணவிகளிடம் அதைக் கேட்டதில்லை.

விலையைப் பற்றி நூற்பவள் ஒருத்தியே பேசியது வங்காளத்தில், 1828இல். சாந்திப்பூரைச் சேர்ந்த ஒரு கைம்பெண்ணின் கடிதம் ‘சமாசார் தர்ப்பண்’ என்ற வங்க இதழில் வெளியானது. 22 வயதில் கணவனை இழந்தவள், மூன்று பெண் குழந்தைகளின் தாய். நூற்கத் தொடங்கினாள். நெசவாளர்கள் வீடு தேடி வந்து நூல் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் மகள்களுக்குத் திருமணம் செய்தாள், மாமனாரின் ஈமச்சடங்கை நடத்தினாள். பிறகு சீமை நூல் வந்தது. பழைய விலையில் கால் பங்குக்குக்கூட அவள் நூலை வாங்க ஆளில்லை. கடிதத்தில் என்னை உலுக்கியது வேறொன்று. தன்னைவிட ஏழைகளான பெண்கள் சீமையில் இருக்க வேண்டும், அங்கே விற்க முடியாமல்தான் இவ்வளவு உழைப்பையும் இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள் நினைக்கிறாள். இயந்திரத்தை அவள் அறியவில்லை. குறைந்த விலைக்குப் பின்னால் கூலி கிடைக்காத ஒரு பெண் இருப்பாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நூற்றாண்டில் ராட்டை திரும்பி வந்தது. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கத்தைக் காந்தி தொடங்கினார். தமிழ்நாட்டில் திருப்பூர் கதர்ப் பணிகளின் மையமாயிற்று. நூற்றவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். நூற்றல் ஓய்வு நேரத்து உபதொழில் என்றே அவர்களிடம் சொல்லப்பட்டது. மில் துணியோடு போட்டியிடக் கதரின் விலையைக் குறைத்தாக வேண்டும். குறைத்தது நூற்பவளின் கூலியில். நெசவாளிக்குக் கொஞ்சமேனும் பேரம் பேச வழியிருந்தது. நூற்பவளுக்கு அதுவும் இல்லை.

1935இல் காந்தி தன் இயக்கத்தையே குற்றம் சாட்டினார். கதரை மலிவாக்கும் முனைப்பில் நூற்பவர்களைச் சுரண்டிவிட்டோம் என்றார். மணிக்கு ஓர் அணா, எட்டு மணி நேரத்துக்கு எட்டு அணா என்பது அவர் விரும்பிய கூலி. விற்பனை படுத்துவிடும் என்று ஊழியர்கள் அஞ்சினார்கள். அந்த அக்டோபரில் வார்தாவில் கூடிய சங்கத்தின் குழு ஒரு தீர்மானம் செய்தது. எட்டு மணி நேரம் திறமையாக நூற்பவருக்கு, வகுக்கப்பட்ட குறைந்தபட்ச உணவுக்கும் ஆண்டுக்கு 20 கஜம் துணிக்கும் போதுமான கூலியாவது கிடைக்க வேண்டும். நடைமுறையில் எட்டு அணாவைத் தொட முடியவில்லை. ஆனாலும் கணக்கின் திசை மாறியது. துணி என்ன விலைக்குப் போகும் என்பதிலிருந்து கூலிக்கு இறங்கிவந்த கணக்கு, நூற்பவள் உயிர்வாழ என்ன வேண்டும் என்பதிலிருந்து துணியின் விலைக்கு ஏறியது.

அந்தத் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். அதில் ஒரு விடுபடலும் இருக்கிறது. ராட்டையில் உட்கார எட்டு மணி நேரம் கிடைக்கும் பெண் யார்? தண்ணீர் சுமந்து, சோறாக்கி, பிள்ளைக்குப் பாலூட்டிய நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

விடுதலைக்குப் பிறகும் அந்த வரி காலியாகவே இருந்தது. 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. சம்பாதிப்பவர் ஒருவர், அவர் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள். பெண்களின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. ஒருவர் கூலியிலேயே குடும்பம் உண்ண வேண்டும் என்ற நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மூன்று அலகுகளில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, இரு பிள்ளைகளுக்குத் தலா 0.6. அவள் வருமானம் கணக்கில் வராது, அவள் பசியும் முழுதாக வராது. பெண்ணின் சம்பாத்தியம் ‘கைச்செலவுக்கு’ என்று நம் வீடுகளில் சொல்வதன் ஆவண வடிவம் இது. கைச்செலவுக்கு நூற்கிறாள், கைச்செலவுக்கு முடைகிறாள் என்று ஆனபின் அவளிடம் பேரம் பேசுவதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. எனக்கும் இல்லாமல்தான் இருந்தது.

அன்று அக்காவிடம் கேட்டேன்: “நீங்களே விலை வெச்சா எவ்வளவு வெப்பீங்க?” நூறு நாள் வேலையின் தினக்கூலியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். பெட்டியின் விலை 550 ரூபாயைத் தாண்டியது. அவர் சிரித்துவிட்டார். “அந்த விலைக்கு யாரு டீச்சர் வாங்குவா?” என்றார். 1935இன் கதர் ஊழியர்கள் கேட்ட அதே கேள்வி. நான் 550 கொடுத்து வாங்கினேன். ஒருத்தி ஒருநாள் கூடுதலாகக் கொடுப்பது விலை ஆகிவிடாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

இந்த ஆண்டு முதுகலை மாணவிகள் அந்தக் கண்காட்சியில் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு கடையிலும் பெண்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் பொருட்செலவு எவ்வளவு, எத்தனை மணி நேரம், அதற்குக் கூலி எவ்வளவு என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். சிலர் படித்துவிட்டுப் பேசாமல் காசை எடுத்தார்கள். சிலர் படித்த பிறகும் குறைத்துக் கேட்டார்கள். அக்காவின் அட்டையில் பெட்டிக்கு 450 என்றிருந்தது. போன ஆண்டைவிடக் குறைவாகத்தான் விற்றது என்றார், கையில் நின்றது ஏறக்குறைய அதே பணம் என்றும் சொன்னார்.

“மிச்ச நேரத்துல என்னக்கா செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“சும்மா இருந்தேன் டீச்சர்” என்றார்.