பாஸ்பைனுக்கு அசராத வண்டுகள்: சேமிப்புத் தானியத்தில் எதிர்ப்புத்திறன்

1. ஒரே வாயு

மூன்று கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் சுமார் ஒரு கிராம் பாஸ்பைன் வாயுவை விட்டுவிட்டுச் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்துவிடும். விலை மலிவு, தானியத்தில் தங்கும் எச்சமும் சொற்பம். போட்டிக்கு இருந்த மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிப்பது. மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும், ஏற்றுமதி, தாவரத் தடுப்புக்காப்புத் தேவைகள் நீங்கலாக, அதைக் கைவிட்டன. பாஸ்பைன் என்ற ஒரே வாயுவின் தலையில் பெரும்பாரம் விழுந்தது.

2. எச்சரிக்கை பழையது

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 1972-73-ல் 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் பூச்சிகளைத் திரட்டிச் சோதித்தது. ஏறத்தாழ பத்தில் ஒரு மாதிரியில் பாஸ்பைனைத் தாங்கும் பூச்சிகள் இருந்தன. 1983-ல் வங்கதேசத்து உணவுக் கிடங்குகளிலிருந்து வந்த செய்தி இன்னும் தெளிவானது: சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் புகைமூட்டம் போட்ட இடத்தில்தான் எதிர்ப்பு முற்றியிருந்தது.

3. மரபணுவும் ஓட்டைத் தார்ப்பாயும்

சிவப்பு மாவு வண்டிலும் சிறு தானியத் துளைப்பானிலும் வலுவான எதிர்ப்புக்கு இரண்டு மரபணுக்கள் கைகோக்க வேண்டும். அவற்றுள் ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்திக்கு உதவும் டைஹைட்ரோலிப்போமைடு டிஹைட்ரஜனேஸ் நொதிக்கு உரியது என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. மாறிய மரபணு பெரும்பாலும் ஒடுங்கியே இருக்கும். தாய், தந்தை இருவழியிலும் வந்தால்தான் அதன் முழு வலு வெளிப்படும்.

இனிக் கிடங்குக்குள் போவோம். அட்டியின் மேல் தார்ப்பாய் போர்த்தி, விளிம்பில் மணல் நிரப்பிய துணிக்குழாய்களை அடுக்குகிறார்கள். ஒரு மூலையில் குழாயொன்று விலகிக் கிடக்கிறது, தரையிலும் விரிசல். வாயு கசிந்து, இரண்டாம் மூன்றாம் நாளிலேயே செறிவு சரிகிறது. சாதாரண வண்டு செத்துவிடும். மாறிய மரபணு ஒரு வழியில் மட்டும் வந்த ஒற்றைப்பிரதி வண்டோ, முறையான மூட்டத்தில் செத்திருக்க வேண்டியது, தப்பிவிடும். தப்பியவை தமக்குள் இணைந்தால், ஒரு மரபணுவைப் பொறுத்தவரை, குஞ்சுகளில் நாலில் ஒன்று இரட்டைப்பிரதியோடு பிறக்கும். வண்டைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது நாம் விட்ட ஓட்டைதான்.

4. கூடுதல் மாத்திரை என்னும் மயக்கம்

‘வண்டு சாகலையா, இன்னும் நாலு மாத்திரை போடு’ என்பது எளிய யோசனை, தவறான யோசனையும்கூட. செறிவு மிகுந்தால் பூச்சி மயங்கிக் கிடக்கும். உள்ளே இழுக்கும் வாயு குறைந்து தப்பித்துவிடும். பாஸ்பைனுக்கு முக்கியம் காலம். போதிய செறிவு ஏழு நாளாவது நிலைக்க வேண்டும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம். ஆஸ்திரேலியாவில் எதிர்ப்பு முற்றிய இடங்களில் சல்ஃபூரைல் ஃபுளோரைடை இடையிடையே பயன்படுத்துகிறார்கள். அதற்கு முட்டைகளிடம் வேகம் போதாது.

5. எப்போது எண்ணுவது

தார்ப்பாயைத் திறந்த அன்றே கால் விரித்துக் கிடக்கும் வண்டுகளை எண்ணிக் கணக்கை முடித்துவிடுவது வழக்கம். உணவு, வேளாண்மை அமைப்பின் சோதனை முறையோ, வாயுவிலிருந்து எடுத்த வண்டுகளை 14 நாள் கழித்தே எண்ணச் சொல்கிறது. மயங்கியது எழுந்து நடக்க அத்தனை நாள் தர வேண்டும். தானிய மணிக்குள் கூட்டுப்புழுவாக ஒளிந்திருந்ததும் அதற்குள் ஓட்டை போட்டு வெளியே வரலாம். சல்லடையை இரண்டு வாரம் கழித்து மறுபடி கையில் எடுப்பவருக்குத்தான் மூட்டத்தின் உண்மையான பலன் தெரியும்.