ஒனிஹங்காவின் பெண் மேயர்

அண்மையில் வானொலியில் சுருக்கமாகச் சொன்ன ஒரு கதையைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

நம்மில் பலர் ஒனிஹங்காவுக்கூடாகத்தான் வேலைக்குப் போய்வருகிறோம். மனுக்காவ் துறைமுகக் கரையில் உள்ள இந்த இடம் இன்று ஒக்லாந்தின் ஒரு பகுதி. 130 ஆண்டுகளுக்கு முன் இது தனி நகரசபை. பிரித்தானியப் பேரரசு முழுவதிலும் ஒரு பெண் முதன்முதலில் மேயரானது இங்கேதான். அவர் பெயர் எலிசபெத் யேட்ஸ். ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1853இல் சிறுமியாகக் குடும்பத்தோடு கப்பலில் ஒக்லாந்து வந்து சேர்ந்தவர். அவரும் நம்மைப் போல வந்தேறு குடிதான்.

1893 செப்டெம்பர் 19ஆம் திகதி நியூசிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. நமது பத்து டொலர் நோட்டில் இருக்கும் கேட் ஷெப்பர்ட் முதலானோர், ஏறக்குறைய 32,000 பெண்களின் கையொப்பங்களைத் திரட்டிப் பெற்ற உரிமை அது. நவம்பர் 28ஆம் திகதி பெண்கள் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். அதற்கு மறுநாள் நடந்த ஒனிஹங்கா மேயர் தேர்தலில் எலிசபெத் யேட்ஸ் 13 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். அவரது கணவர் அதே சபையின் முன்னாள் மேயர். பிரதமர் செடனும் விக்டோரியா மகாராணியாரும் வாழ்த்தினார்கள்.

ஆனால் உள்ளூரில் நடந்தது வேறு. நான்கு சபை உறுப்பினர்களும் நகரசபைச் செயலாளரும் உடனேயே பதவி விலகினார்கள். எஞ்சியவர்களிலும் மூவர் அவர் கொண்டுவந்த பிரேரணைகளையெல்லாம் எதிர்த்தார்கள். கூட்டங்களில் கூச்சலும் குழப்பமும். அவர் கண்டிப்பானவர், சபை ஒழுங்குகளை மதிக்காதவர் என்ற குறையும் சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருந்தது.

ஒரு கணக்காளன் என்ற முறையில் நான் பார்ப்பது ஐந்தொகையைத்தான். அந்த ஒரே ஆண்டில் அவர் நகரசபையின் கடனைத் தீர்த்தார். பிற்காலக் கடன்களை அடைப்பதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிச் சேர்க்கும் நிதியொன்றையும் ஏற்படுத்தினார். தீயணைப்புப் படையைச் சீரமைத்தார். வீதிகள், நடைபாதைகள், சுகாதார வசதிகள் திருந்தின. எதிர்த்தவர்களே அவரது நிர்வாகத் திறமையை ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் 1894 நவம்பர் தேர்தலில் படுதோல்வி. 1899இல் மீண்டும் சபை உறுப்பினராக வந்து இரண்டாண்டு இருந்தார். 1918இல் காலமானார். பேரரசின் முதற்பெண் மேயராக அவர் இருந்தது ஓராண்டுக்கும் குறைவு.

வாக்குரிமை கிடைத்தவுடன் கதிரையும் கிடைத்துவிடவில்லை. பாராளுமன்றத் தேர்தலில் நிற்கப் பெண்களுக்கு 1919இல்தான் உரிமை வந்தது. எலிசபெத் மக்கோம்ப்ஸ் முதற்பெண் உறுப்பினரானது 1933இல். முதற்பெண் பிரதமர் ஜெனி ஷிப்லி வந்தது 1997இல். பிறகு ஹெலன் கிளார்க், ஜசிந்தா ஆர்டன் என்று தொடர்ந்தது. 2022 அக்டோபரில் பாராளுமன்றத்தில் பெண்களின் தொகை முதல் தடவையாக ஆண்களின் தொகையை மிஞ்சியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் மீண்டும் பாதிக்குக் கீழே இறங்கியது.

நமது மண்ணிலும் இந்தக் கதை உண்டு. 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. மறு ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். அங்கு போன முதலாவது தமிழ்ப் பெண் அவர். 1998இல் யாழ்ப்பாணத்தின் மேயரான சரோஜினி யோகேஸ்வரன், அதே ஆண்டு மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒனிஹங்காவில் எதிர்த்தவர்கள் பதவி விலகினார்கள், கூச்சலிட்டார்கள். நமது ஊரில் கொடுக்க வேண்டியிருந்த விலை வேறு. இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இங்கே நமக்கு அந்தப் பயமில்லை. 2020இல் இலங்கையில் பிறந்த வனுஷி வோல்ட்டர்ஸ் அப்பர் ஹார்பர் தொகுதியில் வென்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம்.

இனி என் சொந்தக் கதை. பல ஆண்டுகளாகச் சில சங்கங்களின் கணக்குகளைச் சம்பளமில்லாமல் சரிபார்த்து வருகிறேன். பற்றுச்சீட்டுகளில் இருப்பது பெரும்பாலும் பெண்களின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒப்பமிட்டிருப்பவர்கள் ஆண்கள். ஒரு பொதுக்கூட்டத்தில், எட்டு வருடம் சில்லறைக் காசேட்டை ஒரு சதம் பிசகாமல் எழுதிய அக்கா ஒருவரைப் பொருளாளராக ஒருவர் பிரேரித்தார். வழிமொழிய ஆளில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, "வேண்டாம், விடுங்கோ" என்றார். அவரது கணக்கின் நேர்த்தியை அந்த மண்டபத்தில் நன்றாக அறிந்திருந்தவன் நான். நானும் கை உயர்த்தவில்லை.

எலிசபெத் யேட்ஸுக்கு வாக்குகள் கிடைத்தன. கூட நின்று வேலை செய்ய ஆட்கள் போதவில்லை. ஒரு பெண்ணைப் பதவியில் அமர்த்துவது பாதி வேலைதான். அவருக்குக் கீழே உறுப்பினராக, செயலாளராக நின்று உழைக்க நாம் ஆயத்தமா என்பதுதான் மீதி.

அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் வழிமொழிவதாக இருக்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.